மின்சாரமும் கட்டுச்சோறுதான்

முதுநிலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்

குளிர்கால விடுமுறையில் தார்ப் பாலைவனத்தைக் கண்டு வருவதென்று நம் சங்கத்தார் முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு. வடநாட்டிற்கு வந்தும் விடுதி, வகுப்பறை, உணவுக்கூடம் என்னும் மூன்று புள்ளிகளுக்குள்ளேயே முக்கோணம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம். தில்லியிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் சென்று, ஜெய்சல்மேரின் மஞ்சட்கல் கோட்டையையும் அதற்கப்பால் விரியும் மணற்குன்றுகளையும் காண்பது, எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வி. போகும் முறையும் புதுமையானது. ஊர்தோறும் அறை தேடி அலைவதில்லை. காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டுவண்டியை, கேரவன் டிரெய்லரை, வாடகைக்கு எடுப்பதென்று பேச்சு. ஆறு பேர் போகிறார்கள். அவர்களுள் இருவர் முதலாண்டு மாணவர்கள்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்று மட்டும் சரியில்லை. “இரவில் மின்சாரத்துக்கு என்ன வழி?” என்று ஒருவர் கேட்டதற்கு, “ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டால் போயிற்று” என்று மற்றொருவர் விடையிறுத்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். மூன்று மணி நேரம் நடந்த கூட்டத்தில் இதற்கு மூன்று நிமிடமும் செலவாகவில்லை. அந்த விடை தவறானது என்பதும், அது உயிருக்கே கேடு செய்யக்கூடியது என்பதும் என் கருத்து. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எத்தனை வாய்? எத்தனை வேளை?

நம் பாட்டனார் காலத்தில் கூண்டு வண்டி கட்டிப் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போனார்கள். புறப்படுவதற்கு முதல் நாளே வீட்டுப் பெண்கள் கணக்குப் போட்டார்கள். எத்தனை பேர்? எத்தனை வேளை? முதல் நாளுக்குத் தயிர்ச்சோறு, கெடாமல் நிற்கும் புளிச்சோறு மறுநாளுக்கு. மாட்டுக்கு வைக்கோல் எவ்வளவு, அச்சுக்கடியில் தொங்கும் அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் எவ்வளவு என்று அனைத்துக்கும் அளவு இருந்தது. அடுப்பங்கரையையே பெயர்த்து வண்டியில் ஏற்றியவர் எவருமில்லை. மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மிஞ்சினால் வண்டி என்னவாகும் என்பது தமிழ் படித்தவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

மின்சாரமும் ஒரு கட்டுச்சோறுதான். வீட்டில் இருக்கும்போது அது கிணற்று நீர்போல எடுக்க எடுக்க வருகிறது. வழியில் அப்படியன்று, கட்டி எடுத்துச் சென்றது மட்டுமே உண்டு. ஆகவே முதற்கேள்வி “எதிலிருந்து எடுப்பது?” என்பதாக இருக்கக் கூடாது, “எவ்வளவு வேண்டும்?” என்பதாகவே இருக்க வேண்டும். நம் கூட்டத்தில் இரண்டாம் கேள்விக்கு விடை சொன்னார்களே தவிர, முதற்கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கு கடினமானதன்று. ஒரு கருவி எத்தனை வாட் எடுக்கிறதோ, அதை அது ஓடும் மணிகளால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட். நம் வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம்: 100. ஆறு பேரின் கைப்பேசிகள், தலைக்குப் பதினைந்து வீதம்: 90. மடிக்கணினி இரண்டு: 120. குழாய்க்கு நீர் ஏற்றும் சிறு பம்பு: 20. காற்றை வெளியேற்றும் 25 வாட் விசிறி இரவு முழுவதும், பத்து மணி நேரம்: 250. கார் பேட்டரியில் ஓடும் வகையைச் சேர்ந்த சிறு குளிர்பெட்டி 45 வாட் எடுப்பது, நாளில் பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால்: 540. கூட்டினால் 1120 வாட்-மணி. கம்பியிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1350.

இப்போது பட்டியலை ஒருமுறை பாருங்கள். ஏறக்குறையப் பாதியைத் தின்பது எது? குளிர்பெட்டி! டிசம்பர் மாதத்துப் பாலைவன இரவே ஒரு குளிர்பெட்டி அன்றோ? ஜெய்சல்மேரில் அப்போது விடியற்காலை வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். அங்கே பாலையும் தயிரையும் காக்கப் பெட்டி எதற்கு? அதை நீக்கிவிட்டால் தேவை 580. வீணாவதையும் சேர்த்து 700. ஒரு யூனிட்டுக்கும் குறைவு! இதற்காகவா ஒரு ஜெனரேட்டர்?

பாத்திரம் எவ்வளவு பெரியது?

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1280 வாட்-மணி அடங்கும். அதில் எண்பது விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம், அது 1024. நம் தேவைக்கு அது ஒன்றரை நாளைக்குக் காணும். இரண்டு பேட்டரி இருந்தால் கதிரவன் முகமே காட்டாவிட்டாலும் மூன்று நாள் ஓட்டலாம். ஒன்றின் எடை பத்துப் பதினைந்து கிலோவுக்குள் அடங்கும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் அமிலப் பேட்டரியும் ஆகும். 150 ஆம்பியர்-மணி அளவுள்ளது 1800 வாட்-மணி கொள்ளும். ஆயினும் அதன் ஆயுள் கெடாமலிருக்கப் பாதியையே எடுப்பது நலம். எடையோ ஐம்பது கிலோவுக்கு மேல். மின்னேற்றும்போது அது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சாய்ந்தால் அமிலம் சிந்தும். ஆகையால் படுக்கும் அறைக்குள் அதை வைக்கவே கூடாது.

ஒழிந்த பாத்திரத்தை நிரப்புவது எப்படி? மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நம்மை இழுத்துச் செல்லும் காரே. அதன் எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து, இடையில் ஒரு டி.சி. மின்னேற்றியை வைத்து, 20 ஆம்பியர் எடுத்தால் 240 வாட். நான்கு மணி நேரப் பயணத்தில் 960 வாட்-மணி சேர்ந்துவிடும். ஒரு நாள் செலவு அதிலேயே தீர்ந்தது.

இரண்டாவது, கூரைமேல் வைக்கும் சோலார் பேனல். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜெய்சல்மேர் 27 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் அங்கே நண்பகலிலும் கதிரவன் தொடுவானத்திலிருந்து 40 பாகை உயரத்துக்கே ஏறுவான். பேனலைக் கூரைமேல் கிடையாகக் கிடத்தினால், நண்பகலில்கூட நேர்க்கதிரின் 64 விழுக்காடே அதன்மேல் விழும். தெற்கு நோக்கி 50 பாகை சாய்த்து நிறுத்தினால் கதிர் செங்குத்தாக விழும். ஒரு மரச்சட்டமும் இரண்டு கீலும் போதும். சாய்க்காமலே விட்டாலும், 200 வாட் பேனல் நாளில் நான்கு மணி நேர முழுவெயிலுக்கு ஈடாகப் பெற்று, இழப்புப் போக 600 வாட்-மணி தரும். ஓட்டமில்லாத நாட்களில் இதுவே நம்மைத் தாங்கும்.

மூன்றாவது, சாலையோரத் தாபா. உணவருந்தும் ஒரு மணி நேரத்தில் உரிமையாளரிடம் கேட்டு, அதற்குரிய பணத்தையும் கொடுத்து, மின்னேற்றிக்கொள்ளலாம். எர்த் சரியாக உள்ள இணைப்பா என்று பார்த்துக்கொள்வது மட்டும் நம் கடமை.

காப்பியும் கணப்பும்

“காப்பிக்கு வெந்நீர் போட மின்கெட்டில் ஒன்று எடுத்துச் செல்லலாமே!” என்பர் சிலர். காப்பியை நான் பழிப்பவன் அல்லன். கெட்டில் 1500 வாட். ஆறு நிமிடம் ஓடினால் 150 வாட்-மணிதான், அளவு பெரிதன்று. ஆனால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1500 வாட்டை இழுக்க 125 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் இன்னும் மிகுதி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் பலவற்றில் உள்ளிருக்கும் காவல் சுற்று 100 ஆம்பியரைத் தாண்டினாலே துண்டித்துவிடும். காப்பியும் வராது, விளக்கும் அணையும். மெல்லிய கம்பியில் அத்தனை மின்னோட்டத்தை ஓடவிட்டால் கம்பியே அடுப்பாகிவிடும். ஆகவே காப்பிக்கு வெளியே, திறந்த வெளியில், சிறிய எரிவாயு அடுப்பு. டிகாஷனுக்குப் பித்தளை பில்டர். இதில் எவருக்கும் குறையொன்றும் இராது.

குளிருக்கு என்ன செய்வது? இங்கேதான் ஜெனரேட்டரின் உண்மையான வேர் இருக்கிறது. விளக்குக்கும் கைப்பேசிக்கும் அதை யாரும் கேட்கவில்லை, ஹீட்டருக்காகவே கேட்கிறார்கள். 1000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 8000 வாட்-மணி. அதற்கு மேற்சொன்ன பேட்டரி எட்டு வேண்டும். ஒரே ஒரு கருவி, மற்ற எல்லாக் கருவிகளும் சேர்ந்து உண்பதைப் போலப் பதினொரு மடங்குக்கு மேல் உண்கிறது! அந்த ஒன்றுக்காக ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்காகப் பெட்ரோல் கேன், கேனுக்காகத் தனி இடம் என்று சுமை வளர்கிறது. ஆளுக்கு ஒரு நல்ல ரஜாயும், கம்பளிக் குல்லாயும், காலுறையும் இருந்தால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துவிடும். தில்லிக் குளிரில் ஹீட்டர் இல்லாத விடுதி அறையில் தேர்வுக்குப் படித்துத் தேறியவர்கள் நாம்!

மணமில்லாத நஞ்சு

இனி, உயிரைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன்.

பெட்ரோலோ டீசலோ கரியோ முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணைக் கரிக்காது, இருமலை வரவழைக்காது. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிவோடு இதைப் பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவனுக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றும். உறங்குபவனுக்கு ஒன்றும் தோன்றாது. அவன் உறங்கிக்கொண்டே இருப்பான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2024 டிசம்பரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிவந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் அடித்தளத்து இடைவெளி வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்ந்து கண்டார்கள். வண்டி எதிலும் மோதவில்லை, தீப்பற்றவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே இரண்டு உயிர்களைக் கொண்டது.

அதே நஞ்சுதான் வடநாட்டில் குளிர்காலந்தோறும் அங்கீட்டி வழியாகவும் வருகிறது. கதவைச் சாத்திக் கரியடுப்பை உள்ளே வைத்துப் படுத்த குடும்பம் காலையில் எழவில்லை என்னும் செய்தியை இவ்வூர்ச் செய்தித்தாளில் நாம் படித்திருக்கிறோம். தென்னாட்டிலிருந்து வந்த நமக்குக் கணப்பு பழக்கமில்லை. ஆதலால் அதன் ஆபத்தும் பழக்கமில்லை. இந்த அறியாமையே நமக்கு முதற்பகை. ஜெனரேட்டர் பழுதானால் “ஒரு அங்கீட்டியை உள்ளே வைத்துக்கொள்வோம்” என்று எவரேனும் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவரைத் தடுக்க ஒருவராவது அந்த வண்டியில் இருக்க வேண்டும்.

“கலியாண வீட்டிலும் கடைத்தெருவிலும் ஜெனரேட்டர் ஓடவில்லையா?” என்று கேட்கலாம். ஓடுகிறது, வெட்டவெளியில், விழித்திருப்பவர் நடுவில் ஓடுகிறது. கேரவனோ சிறு அறை. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்துவோம். உள்ளே ஆறு பேர் உறங்குவோம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரறிவார்? மாலையில் வண்டிக்கு எதிர்த்திசையில் போன புகை, நள்ளிரவில் வண்டியை நோக்கியே வரலாம்.

சொல்லப்படும் மறுப்புகள்

வாடகைக்கு விடுபவர் ஒருவர், ஜெனரேட்டரை வண்டியோடு குறைந்த விலைக்குச் சேர்த்துத் தருவதாகச் சொன்னாராம். பேட்டரியும் பேனலும் கேட்டால் கூடுதல் கட்டணமாம். நாம் பணக்காரர் அல்லர், உண்மை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் பயணம் போகிறவர்கள். ஆனால் ஜெனரேட்டர் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் பெட்ரோல் கேட்கும். வெயில் சீட்டு எழுதுவதில்லை. அதைவிட ஒரு யோசனை: சங்கமே ஒரு பேட்டரியையும் பேனலையும் வாங்கிவிடலாம். பயணம் முடிந்தபின் நம் பொங்கல் விழாவின் ஒலிபெருக்கிக்கும், மின்சாரம் நின்ற இரவில் நூலக அறை விளக்குக்கும் அவை பயன்படும். வாடகைப் பணம் போனால் போனதுதான். வாங்கிய பொருள் அடுத்த ஆண்டு வருபவருக்கும் நிற்கும்.

இரண்டாவது மறுப்பு, “கதிரவனையும் காரையும் நம்பினால் ஏதேனும் ஒன்று கைவிட்டால்?” என்பது. நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு வழிகளும், மூன்றாவதாகத் தாபாவும். மூன்றும் ஒரே நாளில் கைவிட்டாலும் பேட்டரி ஒன்றரை நாள் நிற்கும். அதற்குமேலும் போனால் கைவிளக்கொன்று இருக்கிறது. வானத்தில் விண்மீன்களும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்வேன். பாலைவனத்துச் சிற்றூரின் பக்கத்தில் நாம் தங்கப் போகிறோம். அங்கே இரவு அமைதியானது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபெலுக்கு மேல் ஒலி கூடாது என்கின்றன. சட்டம் இருக்கட்டும், விருந்தாளியாகப் போன ஊரில் விடியவிடிய எஞ்சினை உறுமவிடுவது தமிழர்க்கு அழகா? அவ்வூரார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

புறப்படுமுன்

குறை சொல்லி நிறுத்திவிடுவது என் நோக்கமன்று. பொதுக்குழுவின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

ஒன்று: ஜெனரேட்டரை விட்டுவிட்டு, ஒரு லித்தியம் பேட்டரி, 200 வாட் பேனல், காரிலிருந்து மின்னேற்றும் கருவி ஆகியவற்றோடு புறப்படுவோம். நிதி இடங்கொடுத்தால் பேட்டரி இரண்டாகட்டும். பொதுக்குழு ஜெனரேட்டரே வேண்டுமென்றால், அது வண்டியிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைவாய் எதிர்ப்புறம் நோக்கி, பகலில் மட்டும், எல்லோரும் விழித்திருக்கும்போது மட்டும் ஓடட்டும்.

இரண்டு: எந்த ஏற்பாடாயினும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்று படுக்கையறையில் இருந்தே தீர வேண்டும். கூரையிலும் சுவரிலும் உள்ள காற்றுவழிகளைத் துணி வைத்து அடைக்கக் கூடாது.

மூன்று: பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது கம்பியை. கம்பி எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ற அளவில் அது இருக்க வேண்டும். எரிந்துபோனால் பெரிய பியூஸ் போடுவது தீர்வன்று. ஏன் எரிந்தது என்று தேடுவதே தீர்வு. வண்டியில் தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும்.

நான்கு: எடையைப் பார்த்து ஏற்ற வேண்டும். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி போன்ற கனமான பொருள்கள் சக்கர அச்சுக்கு அருகே, தாழ்வாக இருக்க வேண்டும். நூறு லிட்டர் நீர் என்றால் நூறு கிலோ. கனம் பின்பக்கம் மிகுந்தால், வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல நெளியத் தொடங்கி, காரையும் சேர்த்து இழுத்துவிடும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு முன்கொக்கியின்மேல் இருக்கும்படி ஏற்றுவது வழக்கம். இடத்தைக் கண்ணால் பார்த்து நிரப்புவது எளிது. எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதே அறிவு.

ஐந்து: புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை வரவழைத்து, விடுதி மைதானத்தில் நிறுத்தி, ஆறு பேரும் ஓரிரவு அதில் தங்கிப் பார்க்க வேண்டும். எல்லா விளக்கும் எரியட்டும், விசிறி ஓடட்டும். காலையில் பேட்டரியில் எவ்வளவு மிச்சமென்று அளந்து, என் கணக்கோடு ஒப்பிடுங்கள். பாலைவனத்தின் நடுவில் தெரிந்துகொள்வதைவிட, உணவுக்கூடத்திலிருந்து நூறு அடியில் தெரிந்துகொள்வது நலமல்லவா?

அடுத்த ஆண்டு லடாக்கும் ஸ்பீட்டியும் போக ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு சொல். இவ்வகை லித்தியம் பேட்டரியைச் சுழிப் பாகைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே கெட்டுவிடும். அங்கே பேட்டரிக்கும் ஒரு போர்வை வேண்டும். அந்தக் கணக்கை அப்போது பார்ப்போம்.

நண்பர்களே! அறிவியல் படிப்பவர்கள் இச்சங்கத்தில் பாதிப்பேர். ஆய்வுக்கூடத்தில் மில்லி ஆம்பியருக்கும் கணக்கு எழுதுகிறோம். ஒரு தசமப்புள்ளி பிழைத்தால் பேராசிரியரிடம் வாதாடுகிறோம். நம் உயிரையும் நம்மை நம்பி வரும் முதலாண்டுத் தம்பியர் இருவரின் உயிரையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மட்டும் “ஏதோ ஒன்றை ஏற்றிக்கொண்டால் போயிற்று” என்று சொல்லலாமா? அவர்களை வழியனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் பெற்றோருக்கு வாட்டும் ஆம்பியரும் தெரியாது. அண்ணன்மார் பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும்.

வரும் பொதுக்குழுவில் இந்தப் பொருளுக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். கூட்டிப் பார்த்தபின் என் கணக்கில் பிழையிருந்தால் திருத்துங்கள், மகிழ்ந்து ஏற்பேன். கணக்கே போடாமல் புறப்படுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.